வாரேன் என்றொரு ஃபோல்டர்

விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டின் மேலேயே, ஒரு டயர் கடைக்கு மாடியில் எங்கள் பிரவுசிங் சென்டர் இருந்தது. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். ஐந்து கம்ப்யூட்டர், பிளைவுட் தடுப்புகள், அடிக்கடி கீச்சிடும் ஒரு யுபிஎஸ். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று நாங்களும் நம்பினோம், வந்தவர்களும் நம்பினார்கள். வெறுங்காலோடு வந்து நின்று, ஏதோ பிரசாதம் கேட்பதுபோல், "மெயில் வந்திருக்கா?" என்று கேட்பார்கள்.

நடத்தியது இரண்டு பேர். நானும், கல்லூரியில் என்னோடு படித்த நண்பனும். அவன் கொட்டாம்பட்டிக்காரன், தினமும் பஸ்ஸில் வந்துபோவான். சொந்தம் எதுவும் கிடையாது. ஆனாலும் அவன் எனக்கு மாப்ள, நான் அவனுக்கு மாப்ள. மதியம்வரை அவன் இருப்பான், அதற்குமேல் நான்.

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சொந்த மெயில் முகவரி இல்லை. ஆரம்பித்துக் கொடுத்தாலும் அடுத்த வாரமே பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து நிற்பார்கள். அலுத்துப்போய் நண்பன் ஒரு வழி செய்தான். சென்டர் பெயரில் ஒரே ஒரு முகவரி. விண்ணப்பத்தில் மெயில் முகவரி கேட்டால் எல்லோரும் அதையே எழுதிக்கொள்ளட்டும், வருவதை நாங்கள் பிரித்துக் கொடுக்கிறோம். தெருவுக்கே ஒரு தபால் பெட்டி மாதிரி.

அப்போது இலவச மெயில் பெட்டி என்பது தீப்பெட்டி அளவுதான். ஷார்ஜாவிலிருந்து யாரோ பேரப்பிள்ளையின் போட்டோவை அனுப்பினால் பாதிப் பெட்டி போய்விடும். இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதல் வரும் என்று மிரட்டும் சாமி படங்கள் தினமும் வரும். பெட்டி நிறைய நிறைய, மேலே ஒரு சிவப்புக் கோடு நீளும். அது முனையைத் தொட்டுவிட்டால் அதற்குப் பிறகு வருகிற எந்த மெயிலும் உள்ளே நுழையாது, வந்த வழியே திரும்பிவிடும். ஆகவே எங்களுக்கு அன்றாட வேலை அழிப்பது. அவன் காலையில் அழிப்பான், நான் சாயங்காலம் அழிப்பேன்.

அழிக்கும் முன்பு பிரிக்க வேண்டும். ஃபோல்டர் போட்டது நான். தமிழில் பெயர் வைக்க வழியில்லாததால் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதினேன். வேலை, கல்யாணம், வெளிநாடு என்று வைக்கச் சொன்னான் நண்பன். எனக்கு அந்த வயதில் எல்லாவற்றிலும் ஒரு கிறுக்கு. மனிதர்கள் மெயிலைப் படித்துவிட்டு எதைச் சொல்கிறார்களோ அதையே பெயராக வைத்தேன். படித்து முடித்து, பிரிண்டும் எடுத்துப் போய்விட்டால் சரி. பதில் எழுதுவதா வேண்டாமா என்று இழுத்தால் பாப்போம். திரும்ப வந்து பதில் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனால் வாரேன். சரி, பாப்போம், வாரேன். மூன்றே ஃபோல்டர். அவனிடம் பெயர்களைக் காட்டினேன். விளக்கவில்லை. விளக்க என்ன இருக்கிறது, நம் ஊர் வார்த்தைதானே என்று நினைத்தேன்.

கார்த்திகை மாதம், நல்ல மழை. டீச்சர் வந்தார்கள். பக்கத்து மெட்ரிகுலேஷன் பள்ளியில் சயின்ஸ் எடுப்பவர்கள். முப்பது தாண்டியிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. சௌராஷ்டிரக் குடும்பம், டவுனுக்குள் மகால் பக்கமிருந்து விளாங்குடிக்கு வீடு கட்டி வந்தவர்கள். அண்ணன்மார் இருவரும் சுங்குடிச் சேலை வியாபாரம். மாலத்தீவில் ஒரு பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும் என்று ஆங்கிலப் பேப்பரில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, வீட்டில் யாருக்கும் சொல்லாமல், எங்கள் முகவரியிலிருந்து விண்ணப்பித்திருந்தார்கள். பதில் வந்திருந்தது. வேலை உண்டு. பத்து நாளைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

டீச்சர் அதை இரண்டு முறை படித்தார்கள். ஈரக் குடையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"பிரிண்ட் எடுக்கட்டுமா டீச்சர்?"

"வேணாம் தம்பி. எங்க வீட்ல என் பை, பீரோ எல்லாம் எல்லாரும் கை விடுற எடம். நான் சொல்றதுக்கு முந்தி பேப்பர் பேசிரக் கூடாது. இங்கயே இருக்கட்டும். வீட்ல ஒவ்வொருத்தரா கேட்டுட்டு வாரேன்."

அந்த மெயிலை வாரேனுக்குள் போட்டேன். மனசுக்குள் ஒரு திருப்தி. பெயர் எவ்வளவு பொருத்தமாக விழுந்துவிட்டது பார் என்று.

ஒன்பதாம் நாள் மாலை டீச்சர் படியேறி வந்தார்கள். முகத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. "தம்பி, அம்மா அழுதாங்க, ஆனா சரின்னுட்டாங்க. பெரியண்ணன் மூணு நாளா பேசல. இன்னைக்குக் காலைல, பாஸ்போர்ட்டுக்கு என்ன வேணும்னு அவரே கேக்குறார். எடுங்க அந்த லெட்டர."

ஃபோல்டரைத் திறந்தேன். செய்திகள் எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அவ்வளவுதான். சரியைத் திறந்தேன், பாப்போமைத் திறந்தேன். அங்கெல்லாம் யார் யாருடையதோ இருந்தது. டிராஷ் காலி. அனுப்பியவற்றிலாவது அந்த முகவரி இருக்குமா என்று தேடினேன். இடத்தை அடைக்கிறது என்று, அனுப்பியதன் நகலே தங்காதபடி மாதக்கணக்கில் நாங்களே நிறுத்தி வைத்திருந்தோம்.

டயர் கடைக்காரரின் போனிலிருந்து கொட்டாம்பட்டிக்கு, அவன் வீட்டுக்கு எதிரே இருந்த மருந்துக் கடைக்குப் பேசி, அவனைக் கூப்பிடச் சொன்னேன்.

"மாப்ள, வாரேன்ல இருந்த மெயில் எங்கடா?"

"அம்புட்டையும் அழிச்சுட்டேன். சனிக்கிழமை செவப்புக் கோடு முட்டிருச்சுல்ல?"

"அதை எதுக்குடா அழிச்ச?"

"பேரு நீதானடா வச்ச! வாரேன்னா கெளம்பியாச்சுன்னு தானே அர்த்தம்? நம்ம ஊர்ல எவன்டா போறேன்னு சொல்லிட்டுப் போறான்? விருந்தாளி எந்திரிச்சு வாரேன்னு சொன்னா, சரின்னு கதவச் சாத்துவியா, இல்ல இன்னொரு எலை போடுவியா?"

"டிராஷ்லயாவது விட்டிருக்கலாம்ல?"

"அதுலயும் எடம் அடைக்குமேடா. குப்பையைக் கூட்டி யாராச்சும் நடுவீட்ல வச்சிருப்பானா?"

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எங்கள் ஊரில் அந்த ஒரு சொல்தான் வருவதற்கும், விடைபெற்றுப் போவதற்கும். நான் வருவதைக் கேட்டேன், அவன் போவதைக் கேட்டான்.

மேலே வந்து டீச்சரிடம் உள்ளதைச் சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. அவர்கள் கத்தவில்லை. கீபோர்டின் மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையை நீவி நீவிச் சரி செய்தார்கள். பிறகு, "எனக்கு வந்த லெட்டர அழிக்க நீங்க யாரு தம்பி?" என்றார்கள்.

நாளையோடு கெடு முடிகிறது. பள்ளியின் பெயர் டீச்சருக்குத் தெரியும். மெயில் முகவரி தெரியாது. இணையத்தில் தேடிப் பார்த்தோம். தீவுகளின் படங்கள் வந்தன, நீலமாக, மெதுவாக, மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடாக. முகவரி வரவில்லை. "விளம்பரத்துல இருந்துச்சு," என்றார்கள். "தீபாவளிக்கு அடுத்த புதன்கிழமை பேப்பர். இங்க உக்காந்துதான் பார்த்தேன்."

எங்கள் பேப்பர்தான். அதையும் வைத்திருக்கவில்லை. போன வாரம்தான் கட்டிப் பழைய பேப்பர் கடையில் போட்டிருந்தோம்.

இரவே மறுபடி போன் போட்டு நண்பனிடம் சொன்னேன். மறுநாள் காலை அவன் நேரே அந்தக் கடைக்குப் போய்விட்டான். சென்டரைத் திறந்துவிட்டு நானும் பின்னாலேயே போனேன். கடைக்கார பாய் நாற்காலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இவன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பேப்பர் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான்.

"என்ன தம்பி, போட்டதைத் திருப்பிக் கேட்டு வர்ற மொத ஆளு நீங்கதான். படிக்காமலே போட்டுட்டீங்களோ?"

"நல்லாத்தான் படிச்சோம் பாய். படிச்ச ஆளுக்குத்தான் இப்ப வேணுமாம்," என்றான் நண்பன்.

"பாதிக் கட்டு கடலைக்காரன் கொண்டு போயிட்டான். இருந்தா ஒங்க நசீபு. இல்லைன்னா அவன் வண்டியில போயி ஒவ்வொரு பொட்டலமா பிரிங்க."

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஈரக் காகித வாடை, தும்மல். தேதி தேதியாகப் புரட்டினோம். ஒவ்வொன்றையும் நாங்களே ஒருநாள் காலையில் மடிப்புக் கலையாமல் வாங்கி, பிரித்து, போதும் என்று தள்ளியவை. கம்ப்யூட்டரில் அழித்ததற்கு இப்படி ஒரு கடை இல்லையே என்று தோன்றியது. இருந்தால் நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருப்பேன். "இந்தா," என்றான் நண்பன். அந்தப் புதன்கிழமை. ஏழாம் பக்கம். கீழ் மூலையில், ஒரு தீக்குச்சி நீளத்துக்கு, அந்த விளம்பரம்.

மதிய இடைவேளையில் டீச்சர் ஓடி வந்தார்கள். எங்கள் சர்வரில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு காரணமாக என்று ஆங்கிலத்தில் நான் ஏற்கெனவே ஆரம்பித்து வைத்திருந்தேன். அவர்கள் அதைப் படித்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்கள்.

"சர்வர்னா என்னன்னு எனக்கே தெரியாது. போன எடத்துல கேட்டா நான் என்ன சொல்றது? நடந்ததை எழுதுவோம்."

அவர்களே தட்டினார்கள், ஒரே விரலால். நீங்கள் அனுப்பிய கடிதம் தவறுதலாக எறியப்பட்டுவிட்டது. நான் வருகிறேன். தயவுசெய்து மறுபடி அனுப்புங்கள். மூன்றே வாக்கியம். ஆங்கிலத்தில் அந்த நடு வாக்கியத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

அதற்கப்புறம் இரண்டு நாள் நாங்கள் பெட்டியைக் காவல் காத்தோம். மாலத்தீவிலிருந்து வருவது திரும்பிப் போய்விடக் கூடாது. சாமி படம் வந்தவுடன் அழித்தோம். பேரப்பிள்ளைகளின் போட்டோவை ஃபிளாப்பியில் ஏற்றி, அந்தந்த வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். ஃபோல்டர்களின் பெயரை மாற்றினேன். அவன் சொன்னபடியே வேலை, கல்யாணம், வெளிநாடு. எதை அழிப்பதானாலும் இரண்டு பேரும் பார்த்த பிறகுதான் என்று ஒரு அட்டையில் எழுதி மானிட்டரில் ஒட்டினான் அவன். பெட்டி அவ்வளவு காலியாக அதற்கு முன்பும் பின்பும் இருந்ததில்லை. திறந்தால் வெள்ளைப் பக்கம். மழை விட்ட மைதானம் மாதிரி. பார்க்கச் சந்தோஷமாக இல்லை, பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை வந்தது. நண்பன் அதைத் தொடக்கூட இல்லை. பள்ளி வாசலுக்கே போய், வாட்ச்மேனிடம் சொல்லி டீச்சரை வரவழைத்து, "வந்துருச்சு, நான் இன்னும் தொறக்கல, நீங்களே தொறங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

மாலையில் டீச்சர் வந்து திறந்தார்கள். இடம் அப்படியே இருக்கிறது, ஜனவரியில் வந்து சேரவும். இந்த முறை அவர்களாகவே பிரிண்ட் கேட்டார்கள். இரண்டு பிரதி. ஒன்றைக் கைப்பையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டார்கள், தெருவில் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்பதுபோல். அப்புறம் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், "தம்பி, எனக்குன்னு ஒரு அட்ரஸ் போட்டுக் குடுங்க" என்றார்கள்.

"பாஸ்வேர்ட் மறந்துட்டா சிரமம் டீச்சர்."

"மறந்தா நான் மறந்துக்கிறேன்."

பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் நானே நிரப்பிக் கொடுத்தேன். பாஸ்வேர்ட் கட்டம் வந்தது. கர்சர் விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. பழக்கத்தில் கீபோர்டை என் பக்கம் இழுத்தேன். டீச்சர் அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்கள்.

"கொஞ்சம் அங்கிட்டுத் திரும்புங்க தம்பி."

திரும்பிக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே திண்டுக்கல் பஸ் ஒன்று நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் சாவிகளின் சத்தம் கேட்டது. மெதுவாக, ஒவ்வொன்றாக, நடுவில் ஒருமுறை நின்று யோசித்து, மறுபடியும். எத்தனை எழுத்து என்று எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.