கப்பல் பாதையோரம் சில ஆலாக்கள்

போன வாரம் எங்கள் அடுக்ககத்தில் மின்சாரம் போய்விட்டது. பெரிய ஜெனரேட்டர் பழுது. எதைச் சரிசெய்வதானாலும் மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்க வேண்டும் என்று சங்கத்துக்கு விதி எழுதிக் கொடுத்தவன் நான். மூச்சிரைக்கப் படியேறியவர்களின் பார்வையிலிருந்து தப்பிக்க வாசலில் போய் நின்றுகொண்டேன். காவலாளி சேகர் எங்கிருந்தோ ஒரு சின்ன ஜெனரேட்டரை இரவல் வாங்கி வந்து அதன் கயிற்றைச் சுண்டி இழுத்தார். டுர்ர்ர் என்றது, நின்றது. மறுபடி இழுத்தார். டுர்ர்ர். நின்றது.

நான் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“இன்னா சார், சக்கர கொறஞ்சிடுச்சா? மூஞ்சே வெளுத்துப் பூட்ச்சே,” என்றார் சேகர்.

சர்க்கரை எப்போதும்போல் கூடுதலாகத்தான் இருக்கிறது. அந்தச் சத்தம்தான் காரணம். கிளம்ப மறுக்கும் இன்ஜின் இருமுகிற சத்தத்தை எங்கே கேட்டாலும் என் மூக்கில் மண்ணெண்ணெய் வாசனை ஏறிவிடும். கூடவே உப்புக்காற்று, காய்ந்த வலை, பிலோமினாவின் முல்லைப்பூ.

பிலோமினா எங்கள் அலுவலகத்துத் தட்டச்சர். துறைமுகம் சார்ந்த அலுவலகம் அது; பெயர் வேண்டாம், ஓய்வூதியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. நான் விதிமுறைப் பிரிவில் இருந்தேன். யார் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று எழுதுவது என் வேலை. அதை மூன்று படிகளில் தட்டித் தருவது பிலோமினாவின் வேலை. ராயபுரத்துக்காரர். அப்பா கட்டுமரத்தில் போனவர்; தம்பி அந்தோணி ஃபைபர் படகு வைத்திருந்தான். எங்கள் அறையின் பின்ஜன்னல் கடலைப் பார்த்திருக்கும். பிலோமினாவின் விரல்கள் என் சுற்றறிக்கையில் இருக்க, கண்கள் ஜன்னலில் இருக்கும். ஆனாலும் ஒரு எழுத்துப் பிழை வராது. பிழைகள் எல்லாம் நான் எழுதிக் கொடுத்ததிலேயே இருந்தன.

சாப்பாட்டு நேரத்தில் கைப்பையிலிருந்து ஒரு பைனாகுலரை எடுப்பார். பர்மா பஜாரில் வாங்கியது. இடக்கண்ணில் உலகம் தெளிவாகவும் வலக்கண்ணில் பால் ஊற்றியது போலவும் தெரியும். அந்தக் கருவியின் வழியாகத்தான் நான் பறவை பார்க்கக் கற்றுக்கொண்டேன். அதனால் இன்றைக்கும் நல்ல பைனாகுலரில் பார்த்தால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

குளிர்காலத்தில் வருகிற கடல்காக்காக்களுக்கு வெள்ளைத் தலை, காதுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு. பங்குனி பிறந்ததும் ஒவ்வொன்றாக முகம் கறுக்கத் தொடங்கும். சில நாட்களில் தலை முழுவதும் காப்பிக்கொட்டை நிறம். அப்புறம் ஒரு காலையில் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே ஒன்றுகூட இருக்காது. எங்கோ பனிமலைப் பக்கத்து ஏரிகளுக்குக் கூடு கட்டப் போயிருக்கும்.

“கண்ணாலத்துக்குத் தலைக்கு மை போட்டுகினு கெளம்புதுங்க சார்,” என்பார் பிலோமினா.

எனக்கு அது இடமாறுதல் உத்தரவு மாதிரிதான் தெரிந்தது. பயணப்படி கேட்காமல், மேல்முறையீடு செய்யாமல் கிளம்பும் ஊழியர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்தோணி ஒருநாள் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது சொல்லிவைத்தான். துறைமுக வாயைத் தாண்டி, கப்பல் பாதையின் தெற்கு ஓரத்தைக் காட்டுவதற்கு மிதக்கவிட்டிருக்கும் இரும்பு போயாவின் மேல் கறுப்பு ஆலாக்கள் உட்கார்ந்திருக்கின்றன என்று. ஆலா உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஒல்லியான உடம்பு, கத்தி மாதிரி நீண்ட இறக்கை, மேலிருந்து தலைகீழாகப் பாய்ந்து மீன் பிடிக்கும். கரையோரம் நாங்கள் பார்த்ததெல்லாம் சாம்பல் ஆலாக்கள். கறுப்பு முதுகும் வெள்ளைப் புருவமும் உள்ளது நடுக்கடல் வாசி. போகிற வழியில் போயாவில் இளைப்பாறும், கரைக்கு வராது. பிலோமினா அன்று சாப்பிடவில்லை. டப்பாவை மூடிவிட்டு, “ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் போலாம் சார்,” என்றார். கேள்வி இல்லை, உத்தரவு.

நான் முறைப்படி ஆயத்தமானேன். அன்றைய கப்பல் நகர்வுகளை முதல்நாளே பார்த்துவைத்தேன். முற்பகலில் எந்தக் கப்பலும் வெளியேறுவதாக இல்லை. ஒரு தொப்பி வாங்கினேன். நீச்சல் தெரியாது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.

அந்தக் காலத்துப் படகு இன்ஜினைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அது பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும். கொஞ்சம் சூடேறியதும் அந்தோணி ஒரு சின்னக் குமிழைத் திருப்புவான், அதன்பின் மண்ணெண்ணெய். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பி, உள்ளே கிடக்கும் மண்ணெண்ணெய் எரிந்து தீரும்வரை ஓடவிட்டு, அப்புறம்தான் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தமுறை கயிற்றை எத்தனை இழுத்தாலும் கிளம்பாது. ராயபுரத்தில் பிறந்த யாருக்கும் இது தெரியும். பிலோமினாவுக்கும் தெரியும்.

கப்பல் பாதையைக் குறுக்கே கடந்து, போயாவுக்குத் தெற்குப் பக்கமாக வந்தோம். இருந்தன. துருப்பிடித்த அந்த இரும்பின் மேல் ஏழெட்டு ஆலாக்கள், எல்லாம் காற்றைப் பார்த்துத் திரும்பி, வரிசையில் நிற்பவர்கள் மாதிரி. இன்ஜின் சத்தத்தில் ஒன்று இறக்கையை விரித்தது.

“நிறுத்துடா! நிறுத்து, பறந்துடும்!” என்று கத்தினார் பிலோமினா.

அக்காவின் குரலுக்கு அந்தோணியின் கை பழகியிருந்தது. குமிழைத் தொடாமல் நேராக அணைத்துவிட்டான்.

அமைதி. ஆலா இறக்கையை மடித்துக்கொண்டது. அந்தோணி மட்டும் தலையில் அடித்துக்கொண்டான். “அய்ய, கிருஷ்ணாயில்லயே ஆஃப் பண்ணிட்டனே.”

“அப்பால பாத்துக்கலாம், கம்முனு கெட,” என்றார் அக்கா, பைனாகுலரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெள்ளம், அதாவது கடலின் நீரோட்டம், தெற்கிலிருந்து வடக்கே இழுத்துக்கொண்டிருந்தது. படகு தானாகவே போயாவை நோக்கி நகர்ந்தது. பக்கத்தில் வந்ததும் அந்தோணி கயிற்றைச் சுருட்டிக் கையில் எடுத்தான். “போயாவுல ஒரு சுத்து சுத்திக்கவா சார்? நவுராம நிக்கும்.”

“கூடாது,” என்றேன். வழிகாட்டி மிதவைகளில் எந்தப் படகையும் கட்டக் கூடாது என்ற சுற்றறிக்கை அப்போது நடைமுறையில் இருந்தது. எழுதியவன் நான். தட்டியவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவரும், “கட்னா பறந்துடும்டா,” என்றார். ஒரே முடிவுக்கு இரண்டு காரணங்கள்.

“கடலுக்கு வந்தும் கவர்மென்ட்டா?” என்று சிரித்துவிட்டு அந்தோணி கயிற்றைக் கீழே போட்டான்.

போயா எங்களைக் கடந்து போனது; அதாவது நாங்கள் அதைக் கடந்தோம். கைநீட்டினால் தொடும் தூரம். ஒரு ஆலாவின் வெள்ளைப் புருவத்தைப் பைனாகுலர் இல்லாமலே பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. அதன் கண்ணில் நான் பொருட்படுத்தத் தக்கவனாகத் தெரியவில்லை.

பிறகுதான் ஊதல் கேட்டது.

திரும்பிப் பார்த்தோம். துறைமுக வாயிலிருந்து ஒரு சரக்குக் கப்பல் வெளியே வந்துகொண்டிருந்தது. மாலையில் போக வேண்டிய கப்பல். சரக்கு இல்லாததால் முகப்பு மூன்றுமாடி உயரத்துக்குத் தூக்கி நின்றது. நாங்கள் போயாவைத் தாண்டியாகிவிட்டது. கப்பல் பாதைக்குள் இருந்தோம்.

அந்தோணி கயிற்றைச் சுண்டினான். டுர்ர்ர். நின்றது. மறுபடி. டுர்ர்ர்.

கப்பல் இன்னொரு முறை ஊதியது. குட்டைக் குட்டையாக ஐந்து தடவை. இருந்த மூவரில் அதன் பொருள் தெரிந்தவன் நான் ஒருவன்தான்: உன் நோக்கம் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் நோக்கம் எங்களுக்கே விளங்கவில்லை என்பதைத் தெரிவிக்க எந்த விதியிலும் ஊதல் கிடையாது. குறுகிய பாதையில் வரும் பெரிய கப்பலால் ஒதுங்க முடியாது, சிறிய படகுதான் வழிவிட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். பிரிவு எண் உட்பட. அறிவு இவ்வளவு உபயோகமற்ற ஒரு நிமிடத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை.

“உள்ள பூரா கிருஷ்ணாயிலு. அவுத்துக் கொட்டிட்டுப் பெட்ரோல் ஊத்தணும். சார், தொடுப்ப எடு!” அந்தோணி இன்ஜின் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்குரூவைத் திருகத் தொடங்கினான்.

படகில் ஒரே ஒரு துடுப்பு. எடுத்துப் போயாவை நோக்கித் தள்ளினேன். பத்திரமான எல்லை அதுதான். அதைத் தாண்டினால் கப்பல் வராது. அலுவலக வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். தள்ளினேன், தள்ளினேன். போயா அதே இடத்தில் நின்றது. இல்லை, தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளத்துக்கு வரைபடம் காட்டப்படவில்லை.

கப்பலின் முகப்பு நுரையை இரண்டாகப் பிளப்பது தெரிந்தது. அதன் இன்ஜின் சத்தம் காதில் விழவில்லை. கால் வழியாக, படகின் பலகை வழியாக ஏறி வந்தது.

“இன்னா பண்றே நீ?” பிலோமினா முதல்முறையாக என்னை ஒருமையில் அழைத்தார். “எதுத்துகினு எங்க போறே? அது இழுக்குற பக்கம் போ! அந்தாண்ட போ!”

“அது பாதையைக் குறுக்கே…” என்று ஆரம்பித்தேன்.

துடுப்பு என் கையில் இல்லை. பூசைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பிலோமினா மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். படகின் மூக்கை வடக்கே திருப்பினார். வெள்ளத்தோடு, கப்பல் பாதையை வெட்டிக்கொண்டு. எனக்கு ஒரு பலகைத் துண்டு கிடைத்தது. அதை வைத்து மறுபக்கம் தண்ணீரை அடித்தேன். தள்ளினேன் என்று சொன்னால் தண்ணீர் சிரிக்கும்.

“மாதாவே, மாதாவே,” என்று ஒவ்வொரு துடுப்புக்கும் ஒன்று சொன்னார். நடுவில், “அடேய் சோமாறி, ஆச்சாடா?” என்று தம்பிக்கும் ஒன்று.

“கத்தாதக்கா, ஸ்குரூ கீழ உய்ந்துடும்!”

அந்தச் சமயத்தில்தான் கப்பலின் ஊதலுக்குப் பயந்து ஆலாக்கள் போயாவை விட்டு எழும்பின. நேராக எங்கள் தலைக்கு மேல் வந்து, வட்டமடித்து, தாழ்ந்தன. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, கவை போல் பிளந்த வால். இத்தனை பக்கத்தில் யாருக்கும் கிடைக்காத காட்சி.

“யக்கா, உன் பட்சி! மேலப் பாரு!” என்றான் அந்தோணி, வாயில் ஒரு ஸ்குரூவைக் கடித்துக்கொண்டே.

“மூடிகினு வேலையப் பாரு!”

அவர் நிமிரவே இல்லை. பைனாகுலர் முதுகுப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. நான் மட்டும் பார்த்தேன். பயத்தில் மனிதனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது. நான் மேலே பார்த்தேன், அவ்வளவுதான்.

கப்பலின் நிழல் எங்கள் மேல் விழுந்தது. வெயில் அணைந்தது. இரும்புச் சுவர், துருவின் கோடுகள், தண்ணீர் மட்டத்தைக் காட்டும் வெள்ளை எண்கள் எல்லாம் எங்கள் பின்னால் நகர்ந்தன. பக்கத்தில் இல்லை, பின்னால். நாங்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தோம், ஒரு படகு நீளம் மிச்சம் வைத்து. மேலே கைப்பிடியில் சாய்ந்து யாரோ கையை ஆட்டிக் கத்தினார்கள். வாழ்த்தாக இருந்திருக்காது. பிறகு அலை வந்தது. படகு செங்குத்தாக எழுந்து விழுந்தது. நான் அந்தோணியின் காலைக் கட்டிக்கொண்டேன். தொப்பி போனது.

கப்பல் போய்விட்டது. எங்கள் இன்ஜின் இன்னும் கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் எந்த இயந்திரச் சத்தமும் இல்லை. படகில் தண்ணீர் தட்டுவதும், மேலே ஆலாக்கள் குரைப்பது போலக் கத்துவதும் மட்டும். பிலோமினா அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். பறவைகள் தெற்கே போயாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. சின்னக் கறுப்புக் கோடுகள்.

“புருவம் வெள்ளையாவா சார் இருந்துச்சு?”

“வெள்ளைதான் மேடம்.”

“போதும்,” என்றார். இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்து சிவந்திருந்தன. அதைப் புடவையில் துடைத்துக்கொண்டார். அந்தோணி கயிற்றை இழுத்தான். முதல் இழுப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. மூவரும் அதைத் திட்டினோம்.

மறுநாள் கேன்டீனில் அந்தக் கப்பலை வெளியே கொண்டுபோன பைலட், என் எதிரில் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார். “மூணு லூசுங்க சார். குறுக்கால போச்சுங்க. ஒருத்தன் தொப்பி வேற போட்டிருந்தான்.”

“தொப்பியா?” என்றேன்.

பக்கத்து மேசையில் பிலோமினா கையில் கட்டோடு இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

அதற்குப் பின் அவர் படகில் ஏறவில்லை, ஜன்னலோடு நிறுத்திக்கொண்டார். ஓய்வு பெற்றதும் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கடல் இல்லாத ஊர். ஒவ்வொரு பங்குனியிலும் ஒரு போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. “தலை கறுத்துடுச்சா சார்?” நான் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வேன். அந்த போன் நின்று இரண்டு பங்குனி ஆகிறது. அவர் மகள் தகவல் சொன்னபோது நான் முறைப்படி இரங்கல் தெரிவித்தேன். அதற்கும் என்னிடம் ஒரு வாசகம் தயாராக இருந்தது.

நாங்கள் படகைத் தள்ளி இறக்கிய மணலைக் கடல் தின்றுவிட்டது. இப்போது அங்கே கருங்கல் குவியலும் அதன் மேல் சாலையும்தான். அந்தோணி படகை விற்றுவிட்டு மணலியில் லாரி ஓட்டுகிறான். துருப்பிடித்த இரும்பு போயாவுக்குப் பதிலாக மஞ்சள் நிறத்தில் வழவழவென்று ஒன்று மிதப்பதாகச் சொன்னான். அதில் பறவை நிற்க முடியுமா என்று கேட்டேன். “யாரு சார் அதெல்லாம் பாக்குறா?” என்றான். கடல்காக்காக்கள் வருகின்றன, குறைவாக. தலையும் கறுக்கிறது. சொல்லத்தான் ஆளில்லை.

சேகரின் ஜெனரேட்டர் ஒருவழியாகக் கிளம்பியது. அரை மணியில் மின்சாரமும் வந்துவிட்டது. அவர் அணைக்கக் கையை நீட்டியபோது நான் என்னையறியாமல் கத்திவிட்டேன்.

“இரு, இரு! பெட்ரோலுக்கு மாத்திட்டு ஆஃப் பண்ணு!”

சேகர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “இதுல ஒரே டாங்கிதான் சார். கிருஷ்ணாயிலா? அது இப்ப எங்க சார் கெடைக்குது?”

அணைத்துவிட்டார். சத்தம் நின்றது. எதற்கென்று தெரியாமல் நான் தலையை நிமிர்த்தி, காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். மேலே ஒவ்வொரு வீட்டிலும் ஏசிகள் உறுமத் தொடங்கின.