வெளுத்துப்போன ஆரஞ்சு

நாற்பத்தேழு வயதில், முகச்சுருக்கம் போக்கும் கிரீம் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தபோது மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "முதல்ல உன் மூஞ்சில தடவும்மா" என்றாள். சிரிக்கட்டும். அவள் அப்பா போனபிறகு அவள் காலேஜும் மயிலாப்பூர் வீட்டு வாடகையும் என் ஒரு சம்பளத்தில்தான் ஓடின.

தரமணியில் இரண்டே அறை கொண்ட ஆய்வகம். கிரீமில் சேர்க்க ஒரு கடல் பாக்டீரியாவின் நிறமியை எடுத்துக்கொண்டிருந்தோம். அதைக் கண்டுபிடித்தவள் நான்தான். நொச்சிக்குப்பத்தில் வழக்கமாக மீன் வாங்கும் அக்காவின் வலை மிதவையில் வழவழவென்று ஏதோ படிந்திருந்தது. பஞ்சில் தொட்டு எடுத்துவந்து ஆய்வகக் கண்ணாடித் தட்டில் வளர்த்தேன். பழுத்த பப்பாளி மாதிரி அப்படி ஓர் ஆரஞ்சு! வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அது அந்த நிறத்தைச் செய்கிறது. நம் தோலையும் காக்குமா என்பதுதான் கேள்வி. முதலாளியோ பதில் வருமுன்னே டப்பாவுக்கு டிசைன் போட்டுவிட்டார்.

உறைமோர் மாதிரிதான் இந்த வேலை. பழைய தட்டிலிருந்து கிருமி வளர்ந்த ஒரு புள்ளியை எடுத்து வாராவாரம் புதுத் தட்டில் வைக்க வேண்டும். முதலாளி "சீக்கிரம், சீக்கிரம்" என்று பறந்ததால், பெரிதாக, வேகமாக வளர்ந்த புள்ளியாகப் பார்த்தே எடுத்தேன். அது கொஞ்சம் வெளிறியிருந்ததைக் கண் பார்த்தது, மனசு பார்க்கவில்லை. நிறம் செய்யாத கிருமிக்கு வேலை மிச்சம், அதனால் மளமளவென்று வளரும். இதை நானே ஒரு காலத்தில் கல்லூரியில் பாடம் நடத்தியிருக்கிறேன். வெட்கக்கேடு.

ஒரு வியாழக்கிழமை தட்டைத் திறந்தால் சுத்த வெள்ளை. அவசரத்துக்கென்று உறைய வைத்திருந்த குப்பிகளை எடுத்து வளர்த்துப் பார்த்தேன். அவையும் வெள்ளை. குப்பிகளில் இருந்த பழையதையெல்லாம் எப்போதோ கொட்டிவிட்டு, நன்றாக வளர்வதைச் சமர்த்தாக நானே மாற்றி வைத்திருந்தேன். என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. நிறத்தைக் காட்டினால் நீட்டிப்பு, இல்லாவிட்டால் வீடு. இந்த வயதில் வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

விடிந்ததும் நொச்சிக்குப்பம் ஓடினேன். கண்ணில் பட்ட மிதவையையெல்லாம் பஞ்சால் துடைத்தேன்.

"இன்னாம்மா, மீன் வாங்காம மிதவையத் தொடச்சிக்கினு கீற?" என்றார் மீன்கார அக்கா.

அந்தப் பழைய மிதவை எங்கே என்று கேட்டேன்.

"அது பொயல்லயே பூடுச்சும்மா. வலையோட பூடுச்சு. வூட்டுக்காரரு இப்போ கூலிக்குத்தான் கடலுக்குப் போறாரு."

சொல்லிக்கொண்டே சங்கரா மீனின் செதிலைச் சீவினார். வலையையே கடலில் விட்டவர் முன்னால் நான் ஒரு நிறத்துக்காக அழுதுகொண்டு நின்றேன். கூச்சமாக இருந்தது. ஆனாலும் பஞ்சைக் கீழே போடவில்லை.

அந்தப் பஞ்சுகளிலிருந்து மஞ்சள் வந்தது, சாம்பல் வந்தது, நாற்றம் வந்தது. ஆரஞ்சு வரவில்லை. கபாலியை வேண்டிக்கொண்டு பழைய வெள்ளைத் தட்டுகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் எங்காவது ஒரு சோம்பேறிப் புள்ளி நிறத்தோடு மிஞ்சியிருக்காதா என்று கண் எரியத் தேடினேன். ஒன்றுகூட இல்லை.

கடைசியில் முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். என் மகளைவிடப் பத்து வயது பெரியவராக இருப்பார். அவர் கோபப்படவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"தப்பு யாருக்கும் நடக்கும் மேடம். ஆனா இந்த ஃபீல்டுல ஸ்பீடு முக்கியம். யங்கா, வேகமா வேலை செய்யறவங்களா ரெண்டு பேரைப் பாத்து வெச்சிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க."

மேஜையில் எங்களுக்கு நடுவே அந்த வெள்ளைத் தட்டு இருந்தது. கெஞ்சத்தான் வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

"நானும் அப்படித்தான் சார் பண்ணேன். வேகமா இருந்ததையே பொறுக்கினேன்."

அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என் அடையாள அட்டைக்காகக் கையை நீட்டினார்.