முப்பத்தொன்றாவது சீட்டில் நாற்பத்தெட்டு விநாடி

எனக்கு வந்த நோயை முதலில் கண்டுபிடித்தது என் கைப்பேசி. நான் அதை நம்பவில்லை. மூன்று மாதம் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வழக்கமான பயிற்சியை முடித்தேன். செயலி கணக்கைக் காட்டியது. ஐம்பத்திரண்டு சீட்டுகளில் ஐம்பத்தொன்றுக்கு நான் எடுத்துக்கொண்டது ஒன்றரை விநாடி, மிஞ்சினால் இரண்டு. முப்பத்தொன்றாவதாகக் கேட்ட சீட்டுக்கு மட்டும் நாற்பத்தெட்டு விநாடி. அது கிளாவர் ஏழு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். தடுமாறிய நினைவே எனக்கில்லை. போன் ஹேங்க் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு காபி போடப் போனேன்.

என்ன பயிற்சி என்று சொல்ல வேண்டும். மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலையில் லாரி லோடு பதிவு செய்யும் வேலை எனக்கு. வயது நாற்பத்தாறு. விடுமுறை நாட்களில் பள்ளி ஆண்டு விழாக்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் சீட்டுக்கட்டு வைத்து மேஜிக் செய்கிறேன். புடவை கட்டிய பெண் சீட்டுக்கட்டோடு மேடையேறினால் இன்னமும் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள்; பழகிவிட்டது. என் முக்கிய வித்தைக்கு அடிப்படை ஒன்றுதான். சீட்டுகள் எல்லாம் நான் முன்பே அடுக்கிய வரிசையில் இருக்கும். அந்த வரிசை எனக்கு மனப்பாடம். யாராவது 'இஸ்பேட் ராணி' என்றால், அது இருபத்து மூன்றாவதாக இருக்கிறது என்று அந்தக் கணமே தெரிய வேண்டும். இதை வெளியே சொன்னதற்காக மற்ற வித்தைக்காரர்கள் என்னை வைவார்கள். வையட்டும்.

அந்த மனப்பாடம் மழுங்காமல் இருக்கத்தான் செயலிகள். சீட்டின் படத்தைக் காட்டி எத்தனையாவது என்று கேட்கும். எண்ணைக் காட்டி எந்தச் சீட்டு என்று கேட்கும். ஒவ்வொரு பதிலுக்கும் ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ளும். எதில் தடுமாறுகிறோமோ அதையே மறுநாள் திரும்பத் திரும்பக் கேட்டுப் பிராணனை வாங்கும். மேடையில் இரண்டு விநாடிக்கு மேல் யோசித்தால் வித்தை செத்தது என்பது எங்கள் வட்டாரத்துப் பாடம். அதனால் சர்க்கரை நோயாளி சர்க்கரை அளவைப் பார்ப்பது போல அந்த விநாடிக் கணக்கைத் தினமும் பார்ப்பேன்.

நான்கு நாள் கழித்து மறுபடி வந்தது. இம்முறை ஐம்பத்தைந்து விநாடி, வேறு சீட்டு. செயலியை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன். அடுத்த வாரமும் வந்தது. வேறொரு செயலிக்கு மாறினேன். அதிலும் வந்தது. மூன்றாவதாக ஒன்றைப் பிடித்தேன், போனையே மாற்றினேன். கருவியை நம்பிப் பிழைக்கிறவளுக்குச் சந்தேகம் கருவி மேல்தான் போகும். தலையில் கோளாறு இருக்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. அந்த மாதங்களில் வயிற்றிலிருந்து ஏதோ திடீரென்று நெஞ்சுக்கு ஏறுவது போல இருக்கும். வாயு என்று இஞ்சிச்சாறு குடித்தேன்; அதுவும் இந்த நோயின் அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது செயலியைத் தயாரித்தவருக்குக் காரசாரமாக ஒரு மின்னஞ்சல் போட்டேன். அவர் பொறுமையாகப் பதிவுகளைப் பார்த்துப் பதில் எழுதினார். செயலி நிற்கவில்லை. கடிகாரம் ஒழுங்காக ஓடியிருக்கிறது. அந்த ஐம்பது விநாடிக்குள் பொத்தானே இல்லாத ஓரத்தில் பதினாறு முறை விரல் பட்டிருக்கிறது. வீட்டில் குழந்தைகள் யாராவது போனை எடுத்தார்களா என்று கேட்டிருந்தார்.

எங்கள் வீட்டில் குழந்தைகள் இல்லை. தன் தப்பை மறைக்க என் மேல் பழி போடுகிறான் என்று கோபம்தான் வந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

என் கணவர் செல்வம் ஜீயபுரத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். ஒரு விடுமுறை நாளில் எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"கலா! என்னம்மா, கூப்பிடக் கூப்பிட இப்படிப் பாத்துக்கிட்டே இருக்கே?"

"எப்பக் கூப்பிட்டீங்க?"

"ஒரு நிமிஷமாக் கூப்பிடுறேன். வாய மென்னுக்கிட்டு, போன் ஓரத்தத் தட்டிக்கிட்டு இருந்தே."

"சும்மா சொல்லாதீங்க. நான் சீட்டுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் வாதாடவில்லை. அன்றிலிருந்து நான் பயிற்சிக்கு உட்காரும்போதெல்லாம் தன் போனோடு எதிரே உட்கார்ந்தார். ஆறாம் நாள் படம் பிடித்துவிட்டார்.

அந்த வீடியோவை ஒரே ஒரு முறைதான் முழுதாகப் பார்த்தேன். என் புடவை, என் கண்ணாடி, என் விரல்கள். முகத்தில் ஆள் இல்லை. உதடு வெற்றிலை மெல்வது போல அசைகிறது. ஒரு விரல் திரை ஓரத்தைத் தட்டுகிறது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல அந்தப் பெண் சரியான எண்ணை அழுத்தி அடுத்த சீட்டுக்குப் போகிறாள். பயத்தில் எனக்கு அழுகை வந்தது. செல்வத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திருச்சியில் ஒரு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவு. தாழ்வாரத்து பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் என்னைவிட இளையவர். வீடியோவை இரண்டு தடவை பார்த்தார்.

"இது ஒரு வகை வலிப்புங்க" என்றார்.

"வலிப்புன்னா கீழ விழுந்து நுரை தள்ளுமே டாக்டர்? நான் உக்காந்துதானே இருக்கேன்?"

"எல்லா வலிப்பும் அப்படி இல்லீங்க. மூளையில ஒரு பக்கத்துல மட்டும் வந்துட்டுப் போகும். உடம்பு இங்க இருக்கும், ஆள் இருக்க மாட்டாங்க. எத்தன நாளா இருக்கு? மாசத்துக்கு எத்தன தடவ வருது? இதுக்குப் பதில் சொல்றதுதான் எல்லாருக்கும் கஷ்டம்."

எனக்குக் கஷ்டமாக இல்லை. மூன்று செயலிகளின் பதிவுகளையும், புகார் அனுப்புவதற்காக எடுத்த அச்சுப் பிரதிகளாக, கைப்பையில் வைத்திருந்தேன். நாள், மணி, விநாடி. பதினான்கு இடங்களில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு 'ஆப் கோளாறு' என்று எழுதியிருந்தேன். டாக்டர் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார்.

"இவ்வளவு துல்லியமா யாருமே கொண்டுவந்ததில்லீங்க" என்றவர், தாளை வைத்துவிட்டுக் கேட்டார்: "வண்டி ஓட்டுறீங்களா?"

தினமும் ஸ்கூட்டரில் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். முன்னால் லாரி, பின்னால் பஸ். அங்கே ஐம்பது விநாடி நான் இல்லாமல் போயிருந்தால்? செல்வம் என் கைப்பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் தடுக்கவில்லை.

இ.இ.ஜி. (தலை முழுக்க ஒயர்களை ஒட்டி மூளையின் மின்சாரத்தைக் கோடுகளாக எடுப்பது), எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். இடது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே ஒரு சின்னச் சுண்ணாம்புப் புள்ளி. என்றைக்கோ உணவு வழியாக உடம்புக்குள் போன நாடாப்புழுவின் முட்டை பொரிந்து, அந்தப் புழு மூளையில் தங்கி, செத்து, தழும்பாகிப்போனது. எங்கே சாப்பிட்டது, யார் வீட்டில் என்று நானும் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். உங்களுக்கும் இதையே சொல்லியிருந்தால் அந்தத் தேடலை விட்டுவிடுங்கள். ஒரு பலனும் இல்லை.

காலை ஒன்று, மாலை ஒன்று மாத்திரை. நீங்களாக நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வலிப்பு நின்றது. கூடவே நானும் பாதி நின்றுவிட்டேன். குளித்தால் களைப்பு. சோறு வடித்தால் களைப்பு. ஆலைக்குப் பஸ்ஸில் போய்விட்டு வந்தால் செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். 'தவலை' என்று சொல்ல வந்தால் வார்த்தை வராமல் கையால் வட்டம் போட்டுக் காட்டுவேன்.

சீட்டுகளும் போயின. ஒன்றரை விநாடி ஒன்பதானது. பதினேழிலிருந்து இருபத்தாறு வரை பெரும் ஓட்டை. செயலி தினமும் ஒரு வரைபடம் காட்டும். என் கோடு சரிந்துகொண்டே போனது. தடுமாறிய சீட்டுகளையே அது மறுநாள் கேட்கும் என்றேனே, அந்தப் பட்டியலில் இப்போது பாதிக் கட்டு இருந்தது. அந்த அடுக்கை மனதில் ஏற்ற எனக்கு ஓராண்டு பிடித்தது. என் வாழ்க்கையில் நானே உருப்படியாகச் செய்தது என்று இருந்தது அது ஒன்றுதான். அது கரைவதைத் தினமும் காலையில் எண்களாகப் பார்த்தேன். செத்துப்போய்விடலாம் என்று தோன்றிய நாட்களும் உண்டு. அதை டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். நீங்களாவது சொல்லிவிடுங்கள். மாத்திரையே அப்படி நினைக்க வைக்கலாம் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு கல்யாண வரவேற்பில் நிகழ்ச்சி ஒப்புக்கொண்டிருந்தேன். அதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது மாலை மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்க ஆரம்பித்தேன். நான்கு நாளில் ஒன்பது ஆறானது. ஒரு வாரத்தில் நான்கு. கோடு மேலே ஏறியது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. காலை மாத்திரையையும் உடைத்தேன்.

பத்தாம் நாள், இதே சாப்பாட்டு மேசையில், நாற்காலியோடு விழுந்தேன். இம்முறை நாம் எல்லோரும் அறிந்த வலிப்பேதான். நாக்கு கடிபட்டு, தோள்மூட்டு நழுவி, புடவை நனைந்து, ஆம்புலன்சில்தான் விழித்தேன்.

செல்வம் அதுவரை என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. வார்டில் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நீ பாதியா முழுங்குறது எனக்குத் தெரியாது. தினம் எதிர்ல உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாது. அந்த ஆப்புல கோடு ஏறுறத மட்டும் காலையில சிரிச்சுச் சிரிச்சுக் காட்டினே. என்னையும்ல சேத்து ஏமாத்தியிருக்கே?"

"சீட்டு போயிடும்னு பயந்துட்டேங்க."

"நீ போயிருந்தா?"

மாத்திரை அட்டையைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நிறைய பேரு செய்றதுதாங்க இது. ஏன் செய்யத் தோணுச்சுன்னு மட்டும் எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா, மாத்திரையவே மாத்தியிருப்பேன். ஞாபகத்த இவ்வளவு அமுக்காத மாத்திரை இருக்கு. நீங்க சீட்டு மேஜிக் பண்றவங்கன்னு பதிவப் பாத்து எனக்குத் தெரியும். அது உங்களுக்கு இவ்வளவு முக்கியம்னு தெரியாது."

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். மாத்திரை உங்களிடமிருந்து எதைப் பறிக்கிறது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அது அற்பமாக இருந்தாலும் சொல்லுங்கள்.

மாத்திரையை மாற்ற இரண்டு மாதம் ஆனது. ஒன்றைக் குறைத்து ஒன்றைக் கூட்டி, வாரம் ஒரு படி. நழுவிய தோளைப் பழக்க வேறு பயிற்சி. செயலியில் கடிகாரத்தை மறைத்துவைக்க ஒரு வசதி உண்டு. இத்தனை நாள் அதை யார் பயன்படுத்துவார்கள் என்று ஏளனமாக நினைத்திருந்தேன். மறைத்துவைத்தேன். ஒரு நாளைக்கு மூன்று சீட்டு. சில நாள் ஒன்றுமில்லை. ஐம்பத்திரண்டும் திரும்ப வந்தன, ஆனால் மெதுவாகத்தான். ஐந்து விநாடி, ஆறு விநாடி. அதற்குக் கீழே இனி இறங்காது என்றுதான் நினைக்கிறேன். களைப்பும் முழுதாகப் போகவில்லை. வீட்டில் இருக்கும் ஒரு உறவுக்காரரைப் போல அதற்கும் இடம் விட்டு வேலைகளைத் திட்டமிடுகிறேன்.

பதினோரு மாதம் வலிப்பு இல்லாமல் கழிந்த பிறகு, எடமலைப்பட்டி புதூரில் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கு அழைத்தார்கள். செல்வம் கடைசி வரிசையில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்து ஓடிவர வசதியாக என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில் ஒரு ஆசிரியை எழுந்து "டைமன் நாலு" என்றார்.

சீட்டுக்கட்டைக் கையில் பிடித்தபடி நின்றேன். எண் வரவில்லை. ஒன்று. இரண்டு. மின்விசிறிச் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். மூன்று. ஆசிரியையின் காதில் தோடு ஆடுவதைப் பார்த்தேன். நான்கு. கடைசி வரிசையில் செல்வம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

மைக்கில் சொன்னேன்: "இருக்கேங்க. உக்காருங்க. யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

அரங்கம் சிரித்தது. வித்தையில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் உட்காரவில்லை, நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐந்து. ஆறு. "முப்பத்தெட்டு" என்றேன். ஆசிரியை மேடைக்கு வந்து ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார்.