பாறையை வலமாகச் சுற்றியவள் நான்

நீ திருடி. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

நீ நகையைத் திருடவில்லை. எனக்கு நடந்ததை எடுத்துக்கொண்டுபோய் உனக்கு நடந்ததாக டிவியில் சொன்னாய். அதைக் கேட்டு ஊரே அழுதது. அந்த நேரத்தில் நான் என் வீட்டு ஹாலில் உப்புமாத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். இனி அவளை 'அவள்' என்றே எழுதுகிறேன். பெயர் போட மாட்டேன். ஏற்கெனவே அவள் பெயர் ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறது, நான் வேறு எதற்கு ஒட்ட வேண்டும்?

அவள் இப்போது சீரியல் நடிகை. சனி, ஞாயிறு சாயந்திரங்களில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. நடிகர்கள், நடிகைகள், பாட்டுப் பாடுகிறவர், சமையல் செய்து காட்டுகிறவர் என்று பிரபலங்கள் சிலரை ஒரு காட்டுக்குக் கூட்டிப்போய் கமாண்டோ பயிற்சி கொடுக்கிறார்கள். பட்டாளத்திலிருந்து வந்த தாடிக்காரர்கள் நான்கு பேர் மாஸ்டர்கள். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். குளிர்ந்த தண்ணீரில் இறக்குவார்கள், சேற்றில் தவழவிடுவார்கள், கண்ணைக் கட்டி உட்காரவைத்து விசாரிப்பார்கள். முடியவில்லை என்றால் கையில் கட்டியிருக்கும் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

எனக்குப் பொறாமை. அதை மறைத்து எழுதினால் இதை எழுதுவதிலேயே அர்த்தமில்லை. ஒரு வாரம்கூட விடாமல், விளம்பரத்தோடு சேர்த்துப் பார்த்தேன். அவள் சேற்றில் விழுந்தால் சந்தோஷமாக இருந்தது. அவள் கயிற்றில் ஏறினாள், நன்றாகவே ஏறினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் முகத்துக்கு நேராக நின்று ஒரு மாஸ்டர் நரம்பு புடைக்கக் கத்தினார். என் வீட்டுக்காரர் "ஐயோ பாவம்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. என்னைப் பார்த்து அப்படிக் கத்த ஒரு ஆள் கிடைக்க வேண்டும் என்றுதான் நான் இளம் வயதில் தவம் கிடந்தேன். எனக்குக் கிடைக்கவில்லை. அவளுக்கு மேக்கப் போட்டு அனுப்பிவைத்துக் கத்துகிறார்கள்.

நானும் அவளும் ஒன்றாகப் படித்தவர்கள். அவள் கீழ்பென்னாத்தூர் பக்கம், நான் திருவண்ணாமலையிலேயே. படிப்பு முடிந்ததும் இரண்டு பேரும் யூனிஃபார்ம் வேலைக்குத் தயாரானோம். ஆசை என்னுடையது. நான் போகிறேன் என்பதால் அவளும் வந்தாள். விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாள். இரண்டு பேரும் கிரிவலப் பாதையில் ஓடுவோம்.

இந்த ஊரில் போலீசுக்கும் மிலிட்டரிக்கும் தயாராகிற பிள்ளைகள் நிறையப் பேர் அந்தப் பாதையில்தான் ஓடுவார்கள். பௌர்ணமியன்று மட்டும் முடியாது, கால் வைக்க இடமிருக்காது. நாங்கள் செருப்பில்லாமல் ஓடினோம். மலை எப்போதும் வலக்கைப் பக்கம். நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், அங்கப்பிரதட்சணம் செய்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே திசைதான். வேறு பக்கமாகச் சுற்றலாம் என்று யோசித்ததே கிடையாது. யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. சோறு எந்தக் கையால் சாப்பிடுவது என்று யோசித்தா சாப்பிடுகிறோம்?

டிவியில் அவள் தினமும் மலையைச் சுற்றி ஓடியதாகச் சொல்கிறாள். உண்மை என்னவென்றால், பாதி தூரத்தில் "கால் வலிக்குதுடி" என்று சொல்லி ஷேர் ஆட்டோவில் ஏறிவிடுவாள். நான் சுற்றி முடித்து மூச்சு வாங்க வந்து சேரும்போது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருப்பாள். "ஏன்டி இவ்ளோ லேட்டு?" என்று வேறு கேட்பாள். அப்போது அதற்குச் சிரித்திருக்கிறேன்.

தேர்வு வெளியூரில், ஒரு முகாமுக்குள் நடந்தது. ஓட்டப்பந்தயம் மைதானத்தில் இல்லை, முகாமின் உள்ரோட்டில். நேராகப் போய், நடுவில் இருக்கும் ஒரு பெரிய பாறையைச் சுற்றி அதே ரோட்டில் திரும்ப வேண்டும். பாறை இடக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றச் சொன்னார்கள். அதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் கோட்டில் நின்றேன். விசில் ஊதினார்கள். நான்தான் முதலில். பின்னால் காலடிச் சத்தம்கூட இல்லை. அவ்வளவு முன்னால் போய்விட்டேன்.

பாறை வந்தது. கால் தானாகத் திரும்பியது. பாறையை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்ற ஆரம்பித்துவிட்டேன்.

கொடியோடு நின்றவர் கத்தியிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. பின்னால் வந்தவர்கள் கேட்டு, சரியான பக்கம் திரும்பிவிட்டார்கள். பாறைக்கு அந்தப் பக்கம் போனதும் எதிரில் ஒரு கூட்டம் என்னை நோக்கி ஓடிவருகிறது. இவர்கள் ஏன் தப்பாக வருகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அந்தக் கூட்டத்தின் கடைசியில் அவள். என்னைப் பார்த்தாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. சிரித்தாள். ஓடிக்கொண்டே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதிகாரி என்னிடம் கோபப்படக்கூட இல்லை. ஓரமாக நிற்கச் சொன்னார். "இன்னொரு தடவை ஓடறேன் சார்" என்றேன். "அவ்ளோதான்மா, கெளம்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்தைக் கூப்பிட்டார். என் இளமை அந்த ஒரு திருப்பத்தில் முடிந்துபோனது. அவள் ஓட்டத்தில் எப்படியோ தேறி, நீளம் தாண்டுதலில் தோற்று வெளியே வந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் என்ன சொல்வது? மலையைச் சுற்றிச் சுற்றி ஓடிப் பழகி, கடைசியில் திசை தெரியாமல் ஓடிவிட்டு வந்தேன் என்றா? அவள்தான் வழி சொன்னாள்.

"உயரம் கம்மினு சொல்லிடு. யாரு உன்ன டேப் வெச்சு அளக்கப் போறாங்க? நான் சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அப்படியே சொன்னேன். அம்மா, அப்பா, பிறகு கட்டிக்கொண்டவர் என்று எல்லாருக்கும் என் கதை 'உயரம் பத்தல'. உண்மை தெரிந்தது ஊரில் இரண்டு பேருக்கு.

அடுத்த வருஷம் கோயில் பக்கம் ஒரு சீரியல் ஷூட்டிங் நடந்தது. பெண் போலீசாகக் கூட்டத்தில் நிற்க ஆள் தேடினார்கள். விறைப்பாக நிற்கவும் சல்யூட் அடிக்கவும் தெரிந்ததால் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். என்னையும் கூப்பிட்டாள். காக்கியை வேஷமாகப் போட்டுக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை, மாட்டேன் என்றேன். அவள் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு ஒரு வரி வசனம் கொடுத்தார்கள். பிறகு சென்னை. பிறகு நான் சமைத்துக்கொண்டே அவளைப் பார்க்கும்படி ஆனது.

நான் வேங்கிக்காலில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பி.டி. மிஸ். என் கையில் விசில் இருக்கிறது. அந்த அளவுக்குத்தான் எனக்கு வாய்த்தது.

இப்போது அந்த நிகழ்ச்சிக்கு வருகிறேன். முதுகில் மணல் மூட்டையோடு ஒரு குன்றை இடக்கைப் பக்கம் வைத்துச் சுற்றி ஓடச் சொன்னார்கள். எல்லாரும் ஓடினார்கள். அவள் நின்றுவிட்டாள். மாஸ்டர் வந்து கத்தினார். அவள் மூட்டையை இறக்காமல், கண்ணில் தண்ணீரோடு சொன்னாள், திருவண்ணாமலையில் மலையை இடக்கைப் பக்கம் வைத்து யாரும் சுற்ற மாட்டோம் என்று. இதனால்தான் ஒருமுறை வேலையே போனது என்றாள். தேர்வில் முதல் ஆளாக ஓடியதாம், பாறை வந்ததும் கால் தானாகத் திரும்பியதாம், எதிரில் கூட்டம் வந்ததாம், ஓரமாக நிற்கச் சொன்னார்களாம். எல்லாம் சொன்னாள். ஒன்றே ஒன்றை விட்டுவிட்டாள். எதிரில் வந்தவள் சிரித்ததை.

அதுவரை யாரிடமும் இரங்காத அந்தத் தாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "உங்க ஊர்ப் பக்கமே சுத்துங்க" என்றார். பின்னணியில் புல்லாங்குழல் போட்டார்கள். அவள் குன்றை வலக்கைப் பக்கம் வைத்து ஓடினாள். மற்றவர்கள் எதிரே வந்து அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

அதே தப்புதான். என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளுக்குக் கை தட்டினார்கள்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தாள் அல்லவா, அதைக் காப்பாற்றிவிட்டாள். என் பெயரை அவள் எங்கேயும் சொல்லவில்லை.

உப்புமாத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன், "அது நானுங்க. அவ இல்ல. நான்." அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். முழுக்கக் கேட்டார். நல்ல மனுஷன், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டு முடித்துவிட்டு, "இத்தன வருஷமா உயரம்னு சொன்னியேம்மா. இப்ப டிவியில வந்தப்புறம் இப்படிச் சொன்னா நான் என்னனு எடுத்துக்கறது?" என்றார்.

அவர் கேட்டது நியாயம்.

அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அதற்கடுத்த வாரத்திலிருந்து வெளியூர் ஆட்கள் ஆட்டோவில் ஏறி, அந்த நடிகை ஓடிய ரோடு எது என்று கேட்கிறார்கள். அவரும் ஓரமாக நிறுத்திக் காட்டுகிறார். அவர்கள் இறங்கி, மலை தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். இனிமேல் காட்டாதீர்கள் என்றேன். "கேக்கறாங்க, காட்டறேன். ரோடு உன்னுதா அவளுதா?" என்றார். அந்த ரோட்டில் நான் ஓடிக் கிழித்த பாதத் தோல் என்னுடையது என்று சொல்ல நினைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் இதைவிட மோசம். மைதானத்தின் நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. அதைச் சுற்றித்தான் பிள்ளைகளை ஓடவிடுவேன். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் அந்த வாரம் திசையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்கள்.

"மிஸ், தொட்டிய ரைட் சைடு வெச்சுதான் சுத்துவோம். அந்த அக்கா மாதிரி."

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. அப்படி ஓடியது அந்த அக்கா இல்லை, நான்தான் என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சின்னப் பெண்கள், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒருத்தி யோசித்துவிட்டுக் கேட்டாள், "உங்களுக்கு உயரம் பத்தலனுதானே மிஸ் சொன்னீங்க?" போன வருஷம் நானே சொல்லியிருக்கிறேன், உயரம் இருக்கும்போதே முயற்சி செய்யுங்கள் என்று. பின்னாலிருந்து இன்னொருத்தி மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் கேட்டுவிட்டது: "மிஸ்ஸுக்குப் பொறாமடி."

விசில் ஊதினேன். ஓடினார்கள். தொட்டி வலக்கைப் பக்கம்.

பொறாமைதான். ஆனால் பொறாமைப்படுகிறவள் பொய்தான் சொல்வாள் என்று யார் முடிவு செய்தது?

அவளுடைய பழைய நம்பருக்குப் போட்டேன். போகவில்லை. அவள் அண்ணனிடம் கேட்டுப் புது நம்பர் வாங்கினேன். போன் செய்தால் எடுக்கவில்லை. நடந்ததை எழுதி, "டிவியில் திருத்திச் சொல்" என்று அனுப்பினேன். மறுநாள் மத்தியானம் அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பள்ளிக்கூடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டேன். பழைய குரல், கொஞ்சமும் மாறவில்லை.

"கோச்சுக்காதடி. அங்க நிக்கவெச்சுக் கத்தறாங்க, என்னத்தையாவது சொல்லணும். எல்லாரும் அப்பா செத்தாரு, வீடு போச்சுனு சொல்றாங்க. எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல. நல்லாத்தான இருந்தேன். உன்னோடதுதான் வாய்ல வந்துச்சு. நீ அத வெச்சுட்டு என்ன பண்ணப் போற? நீதான் யார்கிட்டயும் சொல்லவே இல்லியே."

இவ்வளவும் அவள் வாயால் சொன்னாள். உன்னோடது என்றாள். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. இதை வீட்டுக்காரருக்குப் போட்டுக்காட்டினால் போதும் என்று நினைத்தேன். சாயந்திரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் திறந்தால் பதிவு இல்லை. ஒருமுறை கேட்டதும் தானாக அழிந்துவிடுகிற மாதிரி அனுப்பியிருக்கிறாள். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. கோபப்பட்டிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

போன வாரம் அவள் அந்தக் கதையை மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை இன்னும் நன்றாக இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்ததையும் சேர்த்துக்கொண்டாள். பக்கத்தில் ஒரு தோழி உட்கார்ந்து ஆறுதல் சொன்னாளாம். அந்தத் தோழிதான் நானாம். எனக்கும் ஒரு வேஷம் கொடுத்துவிட்டாள்.

கடைசிச் சுற்று நேரலையில் நடக்குமாம். மேடை போட்டு, குடும்பத்தையெல்லாம் கூப்பிட்டு, மாஸ்டர்கள் வரிசையாக நிற்பார்களாம். நீ ஜெயிப்பாய் என்கிறார்கள். ஜெயித்துக்கொள். கயிற்றில் ஏறியது நீதான், அதை நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரும் என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் அன்றைக்கு டிவி முன்னால் இருப்பார்கள். நானும் இருப்பேன்.

கேட்டதும் அழிகிற பதிவெல்லாம் இனி எனக்கு வேண்டாம். எந்த டிவியில் சொன்னாயோ, அதே டிவியில், அதே தாடிக்காரர் முன்னால் நின்று சொல். முதல் ஆளாக ஓடி, பாறையை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றியவள் யார்? அந்தக் கூட்டத்தின் கடைசியில் ஓடிவந்து, அவளைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் யார்?

ஊர் கேட்கப் பதில் சொல்.