வெறுங்கால் மரநாய்

தாரா மலைச்சரிவில் ஸ்தமெனாவைப் போலத் தோல் பதனிடத் தெரிந்தவர் கிடையாது. அவள் கணவன் வித்தோமிர் மரநாய் பிடிப்பவன். பனி விழுந்தால் பொறிகளைத் தூக்கிக்கொண்டு மேல்காட்டுக்குப் போவான்; வாரக்கணக்கில் திரும்ப மாட்டான். பாவம், குளிரில் கிடந்து சாகிறானே என்று இவள் சோள ரொட்டி சுட்டு, பாலாடைக்கட்டியோடு மூட்டை கட்டிக் கொடுப்பாள். உருகி உருகிக் கொடுத்தாள், பைத்தியக்காரி.

அந்த வருடம் குலப் புனிதர் விருந்துக்கு முதல் நாள் மூன்று தோல்களோடு வந்தான். கீழே ஆற்றங்கரை ஊரிலிருந்து ஸ்தமெனாவின் அக்கா ரொசாந்தாவும் வந்திருந்தாள். புருஷனை இழந்தவள்.

"மூணும் காட்டுச் சரக்கு. கழுத்தைப் பாரு, மஞ்சளா மின்னுது," என்றான் வித்தோமிர்.

காட்டு மரநாய்க்குக் கழுத்து மஞ்சள். வீட்டுப் பரண்களில் குடியிருக்கும் அதன் பங்காளிக்கு வெள்ளை. ஸ்தமெனா கொல்லையில் சாம்பல் தண்ணீர் விட்டு அலசினாள். தண்ணீர் மஞ்சளானது, கழுத்து வெளுத்தது. பாதத்தைத் திருப்பினாள். பனியில் நடக்கும் காட்டு மரநாய்க்குக் குளிர்காலத்தில் உள்ளங்கால் முழுக்க முடி இருக்கும். இதுவோ ஓட்டிலும் உத்தரத்திலும் திரிந்த வெறுங்கால். மூன்றுமே அப்படித்தான். காட்டுக்கே போகாதவன் யார் வீட்டுப் பரணில் பொறி வைத்தான்?

ஈரத் தோல்களோடு உள்ளே போனாள். இருவரும் பிளம் சாராயம் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, பரண்ல மரநாய் தொல்லை, தூக்கமே இல்லேன்னு புலம்புவியே. இப்ப எப்படி?"

"இந்தக் குளிருக்கு ஒண்ணுகூட இல்லடி. நிம்மதி." சொன்ன பிறகுதான் ரொசாந்தா தங்கையின் கையைப் பார்த்தாள்.

வித்தோமிர் எழுந்தான். "வர்ற வழியில ஒரு ராத்திரி தங்கினேன், அவ்வளவுதான்..."

"ஒரு ராத்திரியில மூணா? சும்மா இருங்க, பொறியே சிரிக்கும்." அக்காவிடம் திரும்பினாள். "வெங்காயத் தோல் சாயம்தானே? ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் ஏத்த எனக்குக் கத்துக்குடுத்ததே நீதானேக்கா."

புருஷனின் துரோகத்தைக்கூட அவள் தாங்கியிருப்பாள். தன்னை ஏமாற்ற அக்கா உட்கார்ந்து பொறுமையாகச் சாயம் தோய்த்திருக்கிறாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"நான் சுட்டுக் குடுத்த ரொட்டிய யாரு தின்னது?"

ரொசாந்தா தலையைக் குனிந்துகொண்டாள். "அது கல்லு மாதிரி இருந்துச்சுடி. கோழிக்குப் போட்டுட்டேன்."

ஸ்தமெனா தோல்களை அவள் மடியில் போட்டுவிட்டு வாசல் கதவைத் திறந்து வைத்தாள்.

"ரெண்டு பேரும் இருட்டறதுக்குள்ள இறங்கிடுங்க," என்றாள்.