வண்டி இல்லாத சாலைக்கு வண்டியில் போனோம்

சைக்கிள் ஓட்டும் ஆசையை எனக்குள் கிளப்பிவிட்டது என் நாத்தனார்தான். காலடிப்பேட்டையில் கீழே எங்கள் மளிகை மொத்தக் கடை, முதல் மாடியில் நாங்கள், அதற்கு மேலே அவள் குடும்பம். நாற்பதைத் தாண்டிய இருவரும் உடம்பு கனத்துவிட்டதைப் பற்றித் தினமும் பேசிப் பேசிச் சலித்து, கடைசியில் ஆளுக்கொரு தடித்த டயர் சைக்கிள் வாங்கினோம்.

வாங்கிய பிறகுதான் ஓட்ட இடமில்லை என்பது உறைத்தது. எண்ணூர் கடற்கரைச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் விடியும் முன்பே வரிசை கட்டிவிடும். நிற்கிற லாரிக்கும் ஓடுகிற லாரிக்கும் நடுவே கிடைக்கும் சந்துதான் எங்களுக்கு. வீட்டுக்கு வந்து முகம் துடைத்தால் துண்டு கறுத்துப் போகும். ஒருநாள் பின்னால் வந்த டிரெய்லரின் ஹாரனுக்கு மிரண்டு, நாத்தனார் ஓரத்துக் கருங்கற்களில் போய் விழுந்தாள். முழங்கையில் தையல் போட வேண்டியதாயிற்று.

"இனிமே ரெண்டு பேரும் ரோட்டுப் பக்கம் சைக்கிள எடுக்கக் கூடாது" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப எங்க ஓட்ட? மொட்டை மாடியிலயா?"

கடைக்கு இறங்கிப் போய்விட்டார். பதில் இல்லாதபோதெல்லாம் அவருக்குக் கடையில் வேலை இருக்கும்.

தையல் பிரிப்பதற்குள் நாத்தனார் கைபேசியில் வேறொரு உலகத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். வெளிநாட்டுக்காரர்கள் மலைச்சரிவில் சரளைக்கல் பாதையில் சைக்கிள் ஓட்டும் வீடியோக்கள். "மைனி, இதப் பாருங்க. ஒரு லாரி இல்ல, ஒரு பஸ் இல்ல. மாடு மட்டும்தான் நிக்கி." எங்கள் தெற்கத்தி வழக்கத்தில் அண்ணன் மனைவி மைனி.

"நமக்கு அந்த மாதிரி எங்க இருக்கு?"

"இருக்கு. ஊத்துக்கோட்டை தாண்டி, ஆந்திராவுக்குள்ள கொஞ்ச தூரம். மலைக்கு நடுவுல ஒரு சரளை ரோடு. தேடி வச்சிட்டேன்."

வீட்டுக்காரர் சண்டை போடாமல் சம்மதித்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரே நிபந்தனை: கடைச் சரக்கு ஏற்றும் குட்டி யானை வண்டியில்தான் போக வேண்டும், எங்கள் டிரைவர்தான் ஓட்ட வேண்டும். டிரைவர் எம்.கே.பி. நகர்க்காரர், பல வருடங்களாக எங்களோடு இருப்பவர். அரிசி மூட்டை ஏற்றும் இடத்தில் சைக்கிள்களைக் கயிற்றால் கட்டும்போதே அவருக்குக் குழப்பம்.

"இன்னாக்கா இது? சைக்கிள வண்டில ஏத்திகினு போயி, அங்க எறக்கி ஓட்டப் போறீங்களா? இத்த நம்ம வூட்டாண்டயே ஓட்டலாமே?"

"இங்க ஓட்டித்தான் கை கிழிஞ்சிருக்கு" என்று தழும்பைக் காட்டினாள் நாத்தனார்.

மணலியில் நெரிசல். புழலில் அதைவிட நெரிசல். வண்டியில்லாத சாலையைத் தேடிப் போகிறவர்கள் ஊரிலுள்ள அத்தனை வண்டிகளையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் போலிருக்கிறது. ஊத்துக்கோட்டை தாண்டி, தார் முடிந்து சரளை தொடங்கும் ஊருக்கு வந்து சேரும்போது வெயில் ஏறியிருந்தது. புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, "இங்கயே இரு, நாங்க போயிட்டு வந்துடறோம்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

செம்மண்ணும் சிறு கற்களுமாய்ச் சாலை முதல் குன்றின் மேல் வளைந்து ஏறியது. மூச்சு வாங்கியது. ஆனாலும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு சக்கரம் இல்லை. முதல் வளைவு திரும்பியிருப்போம், பின்னால் என்ஜின் சத்தம். கூடவே ஹாரன்.

திரும்பிப் பார்த்தால் எங்கள் குட்டி யானை.

"எதுக்கு வந்த?"

"நீங்க போங்கக்கா. நான் பாட்டுக்குப் பின்னாலியே வரேன்."

"நீ பின்னால வந்தா இது எப்படி வண்டியில்லாத ரோடு?"

காற்று பின்னாலிருந்து வீசியதால் வண்டி கிளப்பிய புழுதி முழுக்க எங்கள் மேல் வந்தது. முன்னால் போகச் சொன்னேன். முன்னால் போனார், புழுதி இன்னும் நேராக வாய்க்குள் வந்தது. மறுபடி பின்னால் வரச் சொன்னேன். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன். எண்ணூர் சாலையிலேயே இருந்திருக்கலாம், டீசலாவது மிச்சம்.

சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு வண்டியை மறித்தேன். "இங்க யாரு இருக்கான்னு ஹாரன் அடிக்கிற?"

"யாரும் இல்லேன்னுதான் அடிக்கிறேன். கரடி கிரடி வந்துட்டா?" என்றவர், குரலைத் தணித்துக்கொண்டார். "கோச்சிக்காதீங்கக்கா. அண்ணாச்சி சொல்லி அனுப்பிச்சாரு, ரெண்டு பேரையும் கண்ணு முன்னாடியே வெச்சிக்க, உட்டு வந்துடாதன்னு. நான் இன்னா பண்றது?"

அப்போதுதான் வீட்டுக்காரர் சண்டை போடாததன் காரணம் புரிந்தது. உடனே அவருக்குப் போன் போட்டேன். சிக்னல் இல்லை. கட்டின புருஷனைத் திட்டக்கூட வழியில்லாத காடு.

குன்று இறங்கியதும் ஓர் ஓடை குறுக்கிட்டது. தண்ணீர் கணுக்கால் அளவுதான். நாங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அக்கரை போய்விட்டோம். "வேணாம், அங்கயே நில்லு" என்று நான் கத்தக் கத்த வண்டி ஓடைக்குள் இறங்கியது. நடு மணலில் உறுமியது, பின்சக்கரம் புதைந்தது. கல் வைத்தோம், காய்ந்த கிளைகளை முறித்துப் போட்டோம். நானும் நாத்தனாரும் பின்னால் நின்று தள்ளினோம். சக்கரம் சுழன்று ஈர மணலை எங்கள் மேல் வாரி இறைத்ததுதான் மிச்சம். வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கி வசதியாக உட்கார்ந்துகொண்டது.

"பேஜாராப் பூட்சே. யாராச்சும் இந்தப் பக்கம் வருவாங்களாக்கா?"

"யாரும் வரமாட்டாங்க. அதுக்குத்தானே இங்க வந்ததே" என்றாள் நாத்தனார், பல்லில் ஒட்டிய மணலைத் துப்பியபடி.

அடுத்த குன்றுக்கு அப்பால் ஓர் ஊர் இருப்பதாக, அவள் கைபேசியில் முன்பே சேமித்து வைத்திருந்த வரைபடம் காட்டியது. போய் டிராக்டர் கூட்டிவருவது என்று முடிவானது. சைக்கிளை எடுத்தபோது டிரைவரின் முகம் மாறிவிட்டது.

"என்னை இங்க தனியாவா உடறீங்க? நம்ம வூட்டாண்ட எந்நேரமும் எதனா ஒரு சவுண்டு கேட்டுகினே கீது. இங்க ஒண்ணுமே இல்ல. காதுக்குள்ள குய்யின்னுது. மெய்யாலுமே பயமா கீதுக்கா."

எரிச்சலுக்கு நடுவிலும் அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. எலுமிச்சை சாதப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "சாப்பிடு, வந்துடறோம்" என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்தேன்.

இரண்டாவது குன்று முதலாவதைவிடச் செங்குத்து. ஏற்றம் முழுக்க வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே போனேன். டிரைவரைத் திட்டினேன், ஓடையைத் திட்டினேன், வீடியோ எடுத்துப் போட்ட வெள்ளைக்காரனையும் விடவில்லை. உச்சியில் நாத்தனார் பிரேக் போட்டு நின்றாள்.

"மைனி, கொஞ்ச நேரம் வாய மூடுங்க."

மூடினேன். எங்கோ கீழே ஒரு மாட்டின் கழுத்துமணி. புல்லுக்குள் காற்று. வேறு ஒன்றுமே இல்லை. சாலை எங்களுக்கு முன்னால் நீளமாக வளைந்து இறங்கியது. பின்னால் யாரும் வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரேக்கை விட்டோம். டயருக்கடியில் சரளை பொரி வறுப்பதுபோலச் சத்தமிட்டது. கைப்பிடியைப் பிடித்த விரல்கள் மரத்துப் போயின. முன்னால் போன நாத்தனார் என்னவோ கத்திக்கொண்டே போனாள். நானும் கத்தினேன். கீழே ஊர் வந்ததும் ஏன் வந்தது என்றிருந்தது.

டிராக்டர்காரர் வீட்டு வாசலில் சாவகாசமாகச் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, தெலுங்கு வாடைத் தமிழில், "ஏம்மா, அந்த ஓடைல வண்டிய எதுக்கு எறக்கினீங்க? அது சைக்கிள் போற தாரிதானே?" என்றார்.

"நல்லாக் கேளுங்க" என்றேன்.

டிராக்டர் கிளப்பிய புழுதிக்குப் பின்னால் மறுபடி ஏறி, மறுபடி இறங்கினோம். டிரைவர் வண்டியின் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் குதித்திறங்கி, டிராக்டர்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சங்கிலி போட்டு இழுத்ததும் வண்டி பூப்போல வெளியே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கடைக்குள்ளேயே ஆரம்பித்தேன். பருப்பு வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்று கேட்டார்கள். மணல் படிந்த என் புடவையை வீட்டுக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

"பயமா இருந்துச்சு. அதான் சொல்லி விட்டேன்" என்றார் மெதுவாக.

"பயமா இருந்தா நீங்களே வந்து உக்காருங்க."

அடுத்த மாதம் நிஜமாகவே வந்தார். சரளை தொடங்கும் ஊர் டீக்கடை பெஞ்சில் அவரும் டிரைவரும் உட்கார்ந்துகொண்டார்கள். ஓடையைத் தாண்டக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார். கையில் அடித்துக் கொடுத்தேன். இரண்டாவது குன்றுக்கும் போய்விட்டுத்தான் திரும்பினோம். எதுவரைக்கும் போனீங்க என்று அவர் கேட்டபோது, நாத்தனார் குனிந்து சைக்கிள் செயினைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.