உப்புத்தாள் எழுத்துகள்

மரச்சாமான் பட்டறையில் அவளை எல்லோரும் பாலிஷ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்காலி, அலமாரி எதுவானாலும் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கி வார்னிஷ் பூசுவது அவள் வேலை. கணவர் லாரி ஓட்டுநர். மாதத்தில் பாதி நாள் வெளியூர். ஒரே மகள், மூன்றாம் வகுப்பு.

மகளின் வாய் எட்டு ஊருக்குக் கேட்கும். ஒரு கதையை ஒருமுறை கேட்டால் போதும், வரி பிசகாமல் திருப்பிச் சொல்வாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் தடுமாறுவாள். ‘மரம்’ அவளுக்குப் ‘பரம்’. அடுத்த வரியில் அதே சொல் ‘படம்’.

“அடுத்த வருஷமும் இதே வகுப்புலயே உட்காரட்டும்மா. படிப்பு எல்லாருக்கும் வந்துடாது,” என்றார் வகுப்பு ஆசிரியை.

“மூணு மாசம் கொடுங்க டீச்சர். அதுக்கப்புறம் நீங்க சொல்றதைக் கேக்கறேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, வழி தெரியவில்லை. ஒரே சொல்லை முப்பது தடவை எழுத வைத்தாள். நோட்டு தீர்ந்ததுதான் மிச்சம். “நான் மக்கும்மா, விட்டுடு,” என்று மகள் பென்சிலை வீசியபோது பாலிஷ் அக்கா நோட்டை மூடி வைத்தாள்.

ஒரு விடுமுறை நாளில் மகள் பட்டறைக்கு வந்திருந்தாள். கீழே கிடந்த உப்புத்தாள் துண்டுகளைக் கண்ணை மூடித் தடவி, முரடு, நடுத்தரம், மென்மை என்று பிரித்து அடுக்கினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

“எப்படிடி கண்டுபிடிக்கிற?”

“விரலுக்குத் தெரியுதும்மா.”

அன்று மாலையே முரட்டுத் தாளில் ம, ப, ர, ட நான்கையும் பெரிதாக வெட்டி அட்டையில் ஒட்டினாள் பாலிஷ் அக்கா. இரண்டே வாரத்தில் மகள் கண்ணை மூடியபடி எழுத்துகளை அடையாளம் சொன்னாள். ஆனால் புத்தகத்தில் ‘பழைய குருடி, கதவைத் திறடி’ கதைதான். பாலிஷ் அக்கா சோர்ந்துவிடவில்லை. அரை நாள் விடுப்புப் போட்டு, மகளையும் கூட்டிப்போய், மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண்மணியிடம் அட்டைகளைக் காட்டினாள்.

“நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா கண்ணையும் வாயையும் மூடிட்டுத் தடவி, அப்புறம்தானே எழுத்தைச் சொல்றா! கண்ணு பார்க்கணும், விரல் போகணும், வாய் சத்தம் சொல்லணும். மூணும் ஒரே நேரத்துல.”

மறுநாளிலிருந்து காலையில் அரை மணி நேரம். காய்ச்சலானாலும் மழையானாலும் அது நிற்கவில்லை. வாரத்துக்குச் சில எழுத்துகளாக அட்டைகளும் கூடின. அட்டையைத் தடவிச் சத்தம் சொல்வது, தட்டில் பரப்பிய மரத்தூளில் எழுதுவது, பிறகு எழுத்துக்கு ஒரு தட்டாகக் கைதட்டிச் சொல்லைக் கூட்டுவது. ஒருநாள் மகள் மூக்கில் விரலை வைத்துக் கத்தினாள்: “அம்மா, ‘ம’ சொன்னா மூக்கு அதிருது! ‘ப’ சொன்னா அதிரல!” அதன்பின் அந்த இரண்டும் குழம்பவே இல்லை.

மூன்று மாதம் முடிந்தது. ஆசிரியை இதுவரை நடத்தாத பக்கத்தைத் திறந்தார். மகளின் விரல் மேசைமேல் எழுதிக்கொண்டே போனது.

“விரலை எடு, பார்த்துப் படி.”

“இருக்கட்டும் டீச்சர். உங்களுக்குக் கண்ணாடி மாதிரி அவளுக்கு அது,” என்றாள் பாலிஷ் அக்கா.

“மழை பெய்தது. படகு... மி... மிதந்தது.” மெதுவாகத்தான் படித்தாள், தப்பிய இடத்தில் தானே திரும்பி வந்து திருத்தினாள். சொல்வதை எழுதச் சொன்னபோது பத்துச் சொல்லில் ஏழு சரி. ழ-வும் ள-வும் இன்னும் சண்டைதான். ஆனாலும் நான்காம் வகுப்புக்கு அனுப்ப ஆசிரியை கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

“என் வகுப்புல இன்னும் ரெண்டு பேர் இப்படி இருக்காங்கம்மா. அந்த அட்டை ஒரு செட்டு வெட்டித் தருவீங்களா?”

ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தார்கள்.